பத்துத்தூணுக்குக் கனம் வந்தது: ஞாயிற்றுக்கிழமை ஓவிய நோட்டு

ஆடி மாதம் தொடங்கிய நோட்டு இது. ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்குச் சிம்மக்கல்லிலிருந்து நடந்து, மாசி வீதிகளுக்கு உட்பட்ட பழைய மதுரையில் எங்காவது உட்கார்ந்து ஒரு பக்கம் வரைவது என்று வைத்துக்கொண்டேன். இதுவரை பதினொரு பக்கம் ஆகியிருக்கிறது. நான்கு பக்கங்களில் எனக்கு முழுத் திருப்தி.

முதல் மூன்று வாரம் தாளுக்கும் மைக்கும் போய்விட்டது. சாதாரணப் பேனா மையில் கோடு போட்டு, அதன் மேல் வண்ணத் தண்ணீர் ஓட்டினால் கோடு கரைந்து எல்லாம் சாம்பல் நிறமாகிவிடுகிறது. தண்ணீரில் கரையாத மை வேண்டும். தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) இருந்தால் நெளிவதில்லை. இந்த இரண்டையும் மாற்றிய பிறகுதான் வேலை வேலையாக நடந்தது.

தெற்குக் கோபுரத்தில்தான் ஆரம்பித்தேன். சித்திரை வீதிகளில் வண்டிகளை விடுவதில்லை என்பதால் நிம்மதியாக உட்காரலாம். அடியிலிருந்து உச்சிவரை இரு பக்கமும் நேர்கோடு இழுத்து, நடுவில் ஒன்பது நிலைகளைப் பிரித்தேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கூடாரம் போல விறைத்து நிற்கிறது. என்ன தவறு என்று அங்கே பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்து கைப்பேசியில் எடுத்த படத்தின் மேல் அடிக்கோலை வைத்தேன். அடியையும் உச்சியையும் கோல் தொடுகிறது, நடுவில் கோபுரம் கோலை விட்டு உள்ளே விலகுகிறது! பக்கங்கள் உட்பக்கமாக வளைந்து ஏறுகின்றன. 1559-இல் கட்டியது, ஏறத்தாழ 170 அடி உயரம். பிறந்ததிலிருந்து பார்க்கிற கோபுரம், அந்த வளைவை நான் கவனித்ததே இல்லை. மறு வாரம் வளைவை முதலில் போட்டுவிட்டு, சுதைச் சிற்பங்களை ஒவ்வொன்றாக வரையாமல் அவற்றின் நிழல்களை மட்டும் புள்ளி புள்ளியாக வைத்தேன். கோபுரம் எழுந்து நின்றது.

நான்கு வாரம் தொடர்ந்து என்னைப் பிடித்துவைத்தது பத்துத்தூண். விளக்குத்தூணிலிருந்து மகால் பக்கம் போகிற சந்துகளில், துணிக்கடைப் பலகைகளுக்கும் மின்கம்பிகளுக்கும் இடையில் அந்தப் பத்துக் கல்தூண்கள் வரிசையாக நிற்கின்றன. திருமலை நாயக்கர் அரண்மனையின் எச்சம். இன்று மகால் என்று நாம் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது 1636-இல் எழுந்த அந்த அரண்மனையின் ஒரு பகுதிதான். அவருடைய பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இங்கிருந்து நிறையப் பெயர்த்துக்கொண்டு போனார். கூரையும் சுவரும் போய்த் தூண் மட்டும் மிஞ்சியிருப்பதைப் பார்க்கிறபோது எனக்கு மனம் கனக்கும். அந்தக் கனம் தாளுக்கு வரவேண்டும் என்பதே என் ஆசை.

முதல் படத்தில் தூண்கள் பந்தக்கால் அளவுக்குத்தான் வந்தன. உயரம் தவறு என்று தெரிந்தது. பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, தூணடியில் நின்றவரின் உயரத்தைக் கட்டைவிரலால் பென்சிலில் குறித்து, அதை மேலே மேலே ஏற்றிக்கொண்டு போனேன். நான் தாளில் கொடுத்திருந்தது நான்கு ஆள் உயரம். ஆறாவது ஆளைத் தாண்டியும் தூண் மிச்சம் இருந்தது.

இரண்டாம் வாரம் உயரம் சரியாக வந்தது. துணிப் பொதிகளை மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த சுமைக்கார அண்ணன் ஒருவர், துண்டால் கழுத்தைத் துடைத்தபடி வந்து நோட்டைப் பார்த்தார். "உயரம் இருக்கிறது தம்பி, கனம் இல்லையே" என்றார். நாள் முழுக்கக் கனத்தைத் தோளில் வாங்குகிறவர் சொன்னது. அதை விட முடியவில்லை.

அடுத்த இரண்டு வாரமும் உருளையை வரைவதிலேயே போயிற்று. தூணின் ஓரத்தில்தான் நிழல் அடர்த்தி என்று நினைத்து அங்கே கறுப்பை ஏற்றியிருந்தேன். அருகே போய்ப் பார்த்தால், மிக இருண்ட பட்டை ஓரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. ஓரத்தில் எதிர்ச் சுவரின் வெளிச்சம் பட்டு மெல்லிய பழுப்புக் கோடு தெரிகிறது. இன்னொன்று, ஒரு தூணைச் சுற்றி யாரோ கயிறு கட்டியிருந்தார்கள். முக்காலியில் உட்கார்ந்திருந்த என் கண்ணுக்கு நேராக இருந்த சுற்று நேர்கோடாகத் தெரிந்தது, அதற்கு மேலே இருந்த சுற்றுகள் மேல்நோக்கி வளைந்தன, கீழே இருந்தவை கீழ்நோக்கித் தொங்கின. அந்தக் கயிற்றை மட்டும் பார்த்துப் பார்த்து வரைந்ததில் தூண் தானாக உருண்டுவிட்டது. அண்ணனைத் தேடிப் போய்க் காட்டினேன். விரலால் நிழல் பட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதை இரண்டு பேராலும் புரட்ட முடியாது" என்றார். என் நோட்டுக்கு அதைவிட மதிப்பெண் வேண்டாம்.

இப்போது கையில் இருப்பது விளக்குத்தூண். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோட்டைச் சுவரை இடித்து ஊரைத் திறந்துவிட்ட கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக நிற்கும் விளக்கு. அந்த வேலையில் அவருக்குத் துணை நின்றவர்கள்தாம் மாரட் வீதியிலும் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் பெயராக இருக்கிறார்கள். சுவர் இருந்த இடம் வெளி வீதிகளாயிற்று.

படம் பாதியில் நிற்கிறது. கடைகள் திறக்கத் தொடங்கினால் வண்டிகள் வந்து பீடத்தை மறைத்துவிடுகின்றன. ஆனால் அந்தப் பக்கத்தின் மூலையில், எண்ணாமல் ஒன்று நன்றாக அமைந்துவிட்டது: பருத்திப்பால் வண்டி. மூடியைத் திறந்ததும் சுக்கு வாசத்தோடு ஆவி பொங்கியது. ஆவிக்கு வண்ணம் தேடினேன். கடைசியில் சுற்றிலும் இருட்டை வைத்துவிட்டு அந்த இடத்தில் தாளை வெள்ளையாகவே விட்டேன், ஆவி வந்துவிட்டது. விளக்கின் உச்சியில் வானம் வெளுக்கும் இடத்திலும் இதையே செய்து பார்க்க வேண்டும். வரும் ஞாயிறு ஐந்தரைக்கே போய்விடுகிறேன்.