மூலைக்குப் போனவர்

"இதை இழப்பு என்று எழுதினால் அவர் கணக்கில்தானே விழும், அண்ணா? தப்பு அவருடையது இல்லைங்களே" என்று என்னோடு வேலை பார்க்கும் அந்தப் பெண் கேட்டாள். "விதிப் புத்தகம் அப்படித்தான் சொல்கிறது" என்றேன். நடந்தது இவ்வளவுதான். வேறு யாராவது சொல்லிக் கேட்டிருந்தால் இதில் என்ன இருக்கிறது என்று நானே நகர்ந்திருப்பேன்.

பனி ஹாக்கி ஆட்டத்தின் பதினோரு வினாடிக் காட்சி அது. ரப்பர் வட்டு சொந்தக் கோலுக்குப் பின்னால் மூலைக்கு ஓடுகிறது. முப்பத்தாறு வயதுத் தடுப்பாட்டக்காரர் அதைத் துரத்திப் போகிறார். எதிரணியினர் இருவர் முதுகுக்குப் பின்னால் வருகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும்; ஒரே ஒரு தடவை தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறார். வட்டை வாங்கிக்கொள்ள கோல் முகப்பில் நின்றிருக்க வேண்டிய இளைய கூட்டாளி, அதற்குள் முன்னே நகர்ந்துவிட்டான். கொடுக்க ஆள் இல்லை. பலகையோரமாக வட்டைத் தள்ளிவிடுகிறார், அதே நொடியில் இருவரும் அவரைக் கண்ணாடியில் மோதுகிறார்கள். வட்டு எதிரணிக்காரன் கட்டையில் போய் விழுகிறது. எங்கள் படிவத்தில்: இழப்பு, பெயர், நேரம். கூட்டாளியின் வரிசையில் ஒன்றுமில்லை. இடத்தில் நிற்காததற்குக் கட்டம் கிடையாது.

அவள் கோபிக்காரி. பள்ளிக் காலத்தில் கபடி அணியில் மூலையில் நின்றவள். "சங்கிலியில் கூட நிற்பவள் கையை விட்டுவிட்டால் பாடி வந்தவள் என் பக்கமாகத்தான் தப்பிப்பாள். திட்டு எனக்குத்தான் விழும்" என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பனியில் கால் வைத்தறியாத நாங்கள், கோவை சரவணம்பட்டியில் குளிர்சாதனத்துக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வட அமெரிக்காவின் பனி ஹாக்கிக்கு இரவெல்லாம் கணக்கெழுதுவது சிரிப்புக்குரியதுதான். ஆனால் அன்று அந்த ஆட்டத்தை என்னைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருந்தது.

காட்சியோடு முடிந்திருந்தால் சரி. அந்த வாரம் வாடிக்கையாளர் அந்த வீரரைப் பற்றி இரண்டு பக்க அறிக்கை கேட்டிருந்தார். யார், எந்த அணி என்று சொல்லமாட்டேன் எனக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கடைசி வரியில் ஒரே சொல் வேண்டும்: ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாமா, வேறு அணிக்கு மாற்றிவிடலாமா? நான் மாற்றிவிடலாம் என்று எழுதினேன்.

இன்றும் அதைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருடைய ஒப்பந்தம் அந்தப் பருவத்தோடு முடிகிறது. ஜூலை 1 வந்தால் கைவீசிக்கொண்டு எங்கு வேண்டுமானாலும் போகலாம், அணிக்குக் காலணா மிஞ்சாது. மார்ச்சிலேயே மாற்றினால் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசையில் ஓர் இடமாவது கிடைக்கும். 2024-25 பருவத்தில் ஓர் அணி சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பு 8.8 கோடி டாலர். மூத்தவருக்கு எடுத்து வைக்கிற ஒவ்வொரு டாலரும் ஓர் இளைஞனுக்கு இல்லாமல் போகும் டாலர். பதினான்கு பருவம் அணித்தலைவராக இருந்த ஸ்டெனோ காராவையே, இளைஞர்களை வைத்து ஆடப்போகிறோம் என்று பாஸ்டன் அணி 2020-இல் விட்டுவிட்டது. அவர் வாஷிங்டனுக்குப் போனார். அடுத்த ஆண்டு, பருவக் கடைசியில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் முதல் சுற்றில் அதே வாஷிங்டனை பாஸ்டன் 4-1 என்று வென்றது. கணக்கு பார்ப்பவர்களுக்கு இது போதும்.

அதே பாஸ்டனில் இருபது பருவங்களுக்கு மேல் ஆடிய ரே போர்க்கின் கதையையும் நான் படித்திருக்கிறேன். 2000 மார்ச்சில் அவரே கேட்டுக்கொண்டு கொலராடோவுக்கு மாறினார். 2001-இல், நாற்பது வயதில், அந்த ஆட்டத்தின் பெரிய பரிசான ஸ்டான்லி கோப்பை. அணித்தலைவர் ஜோ சாக்கிக் கோப்பையை வாங்கி, தான் தூக்காமல் நேராக அவர் கையில் கொடுத்தார். மாற்றிவிடுவது வீரருக்கும் நல்லதுதான் என்று சொல்ல எனக்கு இந்தக் கதை உதவியது. ஆனால் போர்க் கேட்டுக்கொண்டு போனவர். என் அறிக்கையில் இருந்தவர் ஒன்றும் கேட்கவில்லை.

எனக்கு உறுத்துவது அந்த ஒரு சொல் இல்லை. முதல் வரைவில் ஒரு வாக்கியம் வைத்திருந்தேன்: "கூட ஆடும் இளைஞரின் பிழைகள் சில இவர் கணக்கில் ஏறியிருக்கலாம்." இன்னொன்றும் சேர்த்திருக்கலாம். ஆட்டம் நின்று மறுபடி தொடங்கும்போது, சொந்தக் கோல் பக்கம் என்றால் பயிற்சியாளர் இவரைத்தான் இறக்குகிறார். எதிரணிக் கோல் பக்கம் என்றால் வேறு ஆள். தீப்பிடித்த வீட்டுக்குள்ளேயே எப்போதும் அனுப்பப்படுகிறவன் சட்டையில் கரி இருக்கத்தானே செய்யும்? அந்த வாக்கியத்தை அனுப்புவதற்கு முன் நீக்கினேன். முந்தைய மாதம் இப்படி "இருக்கலாம்" போட்ட அறிக்கை ஒன்று, முடிவாகச் சொல்லவும் என்ற குறிப்போடு திரும்பி வந்திருந்தது. காரணம் அதுதான் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். அந்தப் பெண் சொன்னது சரி என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளப் பிடிக்காமல் போனதும் காரணமாக இருக்கலாம். பாருங்கள், இங்கேயும் "இருக்கலாம்" வந்துவிட்டது.

சின்ன வயதில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு அப்பாவோடு போயிருக்கிறேன். எங்கள் காட்டில் ஏரின் இடப்பக்கம் உழுத மாட்டைக் கொடுக்கப் போனோம். தரகர் துண்டைப் போட்டு மூடி அப்பாவின் விரல்களைப் பிடித்தார். துண்டுக்கடியில் விரல்கள் அசைந்தன, விலை எனக்குத் தெரியவில்லை. மாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. பல்லைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். புதிதாகப் பழகும் காளையை அதனோடு பூட்டித்தான் அப்பா நேராக நடக்க வைத்திருந்தார். அதைச் சந்தையில் அவரும் சொல்லவில்லை. சொன்னால் விலை கூடியிருக்குமா? தெரியாது. அடுத்த வருடம் உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது, இரண்டு மாடும் வேண்டாமல் போயின. எனவே இந்தக் கதையை எனக்குச் சாதகமாகவும் திருப்ப முடியவில்லை, பாதகமாகவும் திருப்ப முடியவில்லை.

2025 மார்ச் 7, வீரர்களை அணி மாற்றுவதற்கான கெடு. நம் கணக்கில் எட்டாம் தேதி அதிகாலை ஒன்றரை மணி. அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் அவர் பெயர் திரையில் ஓடியது. போய்விட்டார். நான் எழுதியதால்தான் என்று நினைக்க அகம்பாவம் வேண்டும். என் தாளைப் போல் இருபது தாள்கள் அங்கே குவிந்திருக்கும். எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நினைக்கவும் ஒரு வசதி வேண்டும். இரண்டும் என்னிடம் மாறி மாறி இருக்கின்றன. சத்தி சாலையில் டீ குடிக்க இறங்கியபோது அவளையும் கூப்பிட்டேன். "வேலை இருக்கிறதுங்க அண்ணா" என்றாள்.

அடுத்த பருவத்தில் அந்த இளைஞனின் காட்சிகள் வர ஆரம்பித்தன. ஒன்றில் அவன் மூலைக்குப் போகிறான், தோளுக்கு மேல் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறான், கொடுக்க ஆள் இல்லை. அவள் இழப்பு என்று குறித்துவிட்டு, யாரும் நிரப்பாத குறிப்புக் கட்டத்தில் "கூட்டாளி இடத்தில் இல்லை" என்று எழுதியிருந்தாள். சரிபார்க்க வேண்டியவன் நான். வெகுநேரம் அழிக்கும் பொத்தான்மேல் விரலை வைத்திருந்தேன். பிறகு அப்படியே அனுப்பிவிட்டேன். திரும்பி வரும் என்று இரண்டு வாரம் காத்திருந்தேன். வரவில்லை.