கையெழுத்து வாங்குவதற்கு முன்

"சிஸ்டர், நாளைக்கு லிஸ்டில் நான்கு கேஸ். கையெழுத்து வாங்கி வைத்துவிடுங்கள்." மாலை ரவுண்ட்ஸ் முடித்துப் படியிறங்கும்போதே பி.ஜி. டாக்டர்கள், அதாவது மேற்படிப்பு படிக்கும் இளம் டாக்டர்கள், சொல்லிவிட்டுப் போகும் வாசகம் இது. அறுவை சிகிச்சையை விளக்கி ஒப்புதல் பெற வேண்டியவர் டாக்டர்; நர்ஸ் வெறும் சாட்சி. ஆனால் படிவமும் மை டப்பாவும் எங்கள் மேஜையில்தான் இருக்கின்றன. அதனால் வேலையும் எங்கள் தலையில் வந்து விழுந்துவிட்டது.

எங்கள் மகளிர் வார்டில் உள்ள படிவம் தமிழில்தான் இருக்கிறது. 'எனக்குப் புரியும்படி விளக்கப்பட்டது' என்று அச்சடித்தும் இருக்கிறது. நடுவில் உள்ள கோடிட்ட இடத்தில் மட்டும் டி.ஏ.எச்., பி.எஸ்.ஓ. என்று ஆங்கில எழுத்துகளில் எழுதுவார்கள். கர்ப்பப்பையோடு இரண்டு பக்கத்துக் குழாய்களையும் சூலகங்களையும் எடுப்பது என்று பொருள். கைநாட்டு வைக்கும் பெண்ணுக்கு அது எறும்பு ஊர்ந்த தடம்.

"புரிந்ததா?" என்று நான் யாரையும் கேட்பதில்லை. கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள்; வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் தலையாட்டாதவர்களை நான் பார்த்ததில்லை. அதற்குப் பதிலாக, "உங்கள் அம்மாவுக்குப் போன் செய்தால், நாளைக்கு என்ன ஆபரேஷன் என்று சொல்வீர்கள்?" என்று கேட்பேன்.

தென்காசிப் பக்கத்துப் பீடி சுற்றும் பெண் ஒருவர், நாற்பது வயதைத் தாண்டியவர், அதிக இரத்தப்போக்குக்காகச் சேர்ந்திருந்தார். அவர் சொன்ன பதில்: "கட்டியை மட்டும் எடுக்கிறார்கள் என்று சொல்வேன் சிஸ்டர். பத்து நாளில் மடியில் சுளவு வைத்துவிடலாமாம்." சுளவு என்பது பீடி சுற்ற மடியில் வைக்கும் முறம். படிவத்திலோ எல்லாவற்றையும் எடுப்பதாக எழுதியிருந்தது. கீழே அவருடைய கணவரின் கையெழுத்தும் இருந்தது.

பி.ஜி. டாக்டருக்குப் போன் செய்தேன். காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்த பிள்ளை, சாப்பிட உட்கார்ந்திருப்பார் போல. "அவருடைய கணவர்தான் கையெழுத்துப் போட்டுவிட்டாரே சிஸ்டர்" என்றார்.

இந்த இடத்தில் எனக்குச் சமீரா கோலி வழக்கு நினைவுக்கு வந்துவிடும். டெல்லியில் 1995-இல் நடந்தது. நிற்காத உதிரப்போக்குக்குக் காரணம் கண்டறிய, வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவியால் உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்குச் சம்மதித்த 44 வயதுப் பெண். அவர் மயக்கத்தில் இருக்கும்போது, வெளியே காத்திருந்த அவருடைய தாயிடம் ஒப்புதல் வாங்கிக் கர்ப்பப்பையையும் சூலகங்களையும் எடுத்துவிட்டார்கள். 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுயநினைவு திரும்பியபின் முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த ஒருவருக்குப் பதிலாகத் தாய் சம்மதிக்க முடியாது. உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் தவிர, பரிசோதனைக்குக் கொடுத்த ஒப்புதல் சிகிச்சைக்குச் செல்லாது. நஷ்டஈடு வெறும் 25,000 ரூபாய். தொகையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும். ஆனாலும் தீர்ப்பு வார்டுக்குப் பயன்படுகிறது.

போனில் வழக்கையெல்லாம் விவரிக்கவில்லை. "அந்த அம்மாவுக்குக் கட்டியை எடுப்பதாக மட்டுமே தெரியும் டாக்டர். நான் சாட்சிக் கையெழுத்துப் போட முடியாது. உங்களுக்குத் தெரிவித்ததை நேரத்தோடு ரெக்கார்டில் எழுதுகிறேன்" என்றேன். குரலை உயர்த்துவதைவிட ரெக்கார்டில் எழுதுவதாகச் சொல்வது நன்றாக வேலை செய்யும்.

வந்தார். நல்ல பையன், ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பழைய ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் படம் வரைந்து சொன்னார். சூலகங்களையும் எடுத்தால் மாதவிடாய் ஒரேயடியாக நின்று, உடல் கொதிப்பும் எலும்புத் தேய்மானமும் சீக்கிரமே வரலாம் என்றார். "அது நன்றாகத்தானே இருக்கிறது? பிறகு எதற்கு எடுக்க வேண்டும்?" என்று அந்தப் பெண் கேட்டார். டாக்டர் ஸ்கேனை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

மறுநாள் லிஸ்டில் அந்தப் பெயர் இல்லை. ஊரிலிருந்து அம்மா வந்த பிறகுதான் முடிவு சொல்வேன் என்று அவர் உறுதியாக இருந்துவிட்டார். காலையில் சீஃப் எல்லோர் முன்னாலும், "லிஸ்டை இப்போது நர்ஸ்தான் போடுகிறாரா?" என்றார். பேசாமல் பி.பி. சார்ட்டை நீட்டினேன். அடுத்த வாரம் அறுவை சிகிச்சை நடந்தது. சூலகங்கள் இரண்டையும் விட்டுவைத்தார்கள். கையெழுத்து அவருடையது, எழுத்துக் கூட்டிப் போட்டார்.

நர்சிங் பள்ளியில் விளக்கேற்றி நாங்கள் சொன்ன நைட்டிங்கேல் உறுதிமொழியை நைட்டிங்கேல் எழுதவில்லை. 1893-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் ஒரு குழு எழுதியது. டாக்டருக்கு விசுவாசமாகத் துணைநிற்பதும் நோயாளியின் நலனுக்குத் தன்னை ஒப்படைப்பதும் அதில் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. பெரும்பாலான நாட்களில் இரண்டும் ஒன்றுதான். ஒன்றாக இல்லாத இரவில் என்ன செய்வதென்று அந்த உறுதிமொழி சொல்லவில்லை.

எனக்கு நிரந்தரப் பணி. சீஃப் கத்தினால் கத்திவிட்டுப் போவார். 2015-இல் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் சேர்ந்த பிள்ளைகளின் நிலை அப்படி இருந்ததா? அதே போனை அவர்கள் செய்திருந்தால் பதிலாக மெமோ வந்திருக்கும். அதனால் என் வார்டுக்கு வரும் தொகுப்பூதியப் பிள்ளைகளிடம், "எந்த நேரமானாலும் நான் சொன்னதாகச் சொல்லி டாக்டரைக் கூப்பிடு" என்று சொல்லிவைத்திருக்கிறேன். போன மாதம் ஒருத்தி கூப்பிட்டாள். மெமோ வந்தது. விளக்கக் கடிதத்தை நானும் அவளும் சேர்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.