சூசைப்பாளையத்தில் பாஸ்கா இரவு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பாகான் செராயில் ரயிலை விட்டு இறங்கினால் ஒரு பக்கம் வயல், இன்னொரு பக்கம் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனை. கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் 1906இல் முடிந்த பிறகு நெல்லுக்குப் பேர் போன இடம் இது. நம்மவர்கள் வந்தது அதற்கும் முன்னால். 1880களில் ரெனே ஃபே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் காட்டைத் திருத்தித் தமிழ்க் கத்தோலிக்கரைக் குடியேற்றினார். அதுதான் சூசைப்பாளையம். அவரே 1896இல் மலாக்காவின் ஆயர், அதாவது பிஷப் ஆனார். காடு வெட்டிக் குடியேறியவர்கள் தச்சரான சூசையப்பர் பெயரை வைத்ததும் பொருத்தம்தான். தச்சருக்கு மரம் சாய்ந்தால்தானே பிழைப்பு!

ஈஸ்டருக்கு முந்தைய புனித சனி இரவு வழிபாட்டுக்குத்தான் போயிருந்தேன். வாசலில் நெருப்பு மூட்டி, பாஸ்கா திரி என்ற பெரிய மெழுகுவர்த்தியை ஏற்றி உள்ளே வந்தோம். அப்போது பாடும் பாஸ்கா புகழுரை எனக்கு மிகவும் பிடிக்கும். வானதூதர்களை அழைத்துத் தொடங்கி, மண்ணையும் மகிழச் சொல்லி, மெழுகு தந்த தேனீ வரைக்கும் வந்துவிடும். அடுத்து தொடக்கநூலின் முதல் அதிகாரம், பிறகு மண்ணகத்தின் முகத்தைப் புதுப்பிக்கச் சொல்லிக் கேட்கும் 104ஆம் திருப்பாடல். மனிதன் மீட்கப்படும் இரவு என்று நாம் சொல்கிறோம். வாசகமோ ஒளி, கடல், மீன், பறவை என்றுதான் ஆரம்பிக்கிறது.

பக்கத்தில் ஒரு பாட்டி. மெழுகுவர்த்தி பிடித்திருந்த விரல்களில் நகங்கள் வெளுத்து, வரிவரியாகத் தடித்து, இரண்டில் பாதிதான் இருந்தது. பூசை முடிந்து தேநீர் குடிக்கும்போது அவரே சொன்னார்: "தோட்டத்துல மருந்தடிச்ச கை தம்பி. முதுகுல பம்பு, கையில உறைகூடக் கிடையாது. புல்லு மட்டுமா செத்துச்சு? தவளை, தட்டான், ஆத்து மீனு எல்லாம்தான். ஆண்டவரு நம்மள எழுப்புவாரு, சரி. அதுங்கள?"

பாராகுவாட் என்ற அந்தக் களைக்கொல்லி மருந்தை மலேசியா 2020இல்தான் தடை செய்தது. பாட்டி அதற்கு வெகு முன்பே வேலையை விட்டுவிட்டார்.

'இந்த உலகம் வெறும் சத்திரம், நம் வீடு மேலே' என்ற பிரசங்கம் கேட்டே வளர்ந்தவன் நான். அதில் எனக்கு எப்போதும் ஒரு நெருடல். படைப்பு முழுவதும் பேறுகால வேதனையில் தவிக்கிறது, அதுவும் அழிவுக்கு அடிமையாய் இருப்பதிலிருந்து விடுபடும் என்று ரோமர் 8இல் பவுல் எழுதுகிறார். திருவெளிப்பாடு 21இலும் நாம் மேலே ஏறிப் போவதில்லை. புதிய எருசலேம்தான் இறங்கி வருகிறது. 'அனைத்தையும் புதியது ஆக்குகிறேன்' என்கிறார் ஆண்டவர். இருப்பதை ஒழித்துவிட்டு வேறொன்றைச் செய்வதாகச் சொல்லவில்லை. செம்பனையை 25 வருடத்தில் சாய்த்து, துண்டு போட்டு, புதுக்கன்று நடுகிற தோட்டத்துக் கணக்கு அல்ல இது. உயிர்த்த இயேசு தோமாவிடம் காட்டியது ஆணித் தழும்புள்ள அதே கைகளைத்தானே?

இதையெல்லாம் பாட்டியிடம் சுருக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்படின்னா எங்க தோட்டத்து ஆத்துல கெளுத்தி திரும்ப வரணும். நான் மொதல்ல அதத்தான் போய்ப் பாப்பேன்" என்றவர், தீர்ந்துபோவதற்குள் இன்னொரு மீகூன் (அரிசி சேமியா) பொட்டலம் வாங்கி வரச் சொல்லிப் பேரனை விரட்டினார்.