கனடாவில் சம்பளக்காரரின் செலவும் சுயதொழில் செய்பவரின் செலவும்

மன்னார்குடிப் பக்கத்தில் எங்கள் அப்பா சம்பா சாகுபடியின் உழவுக்கூலி, விதைநெல், உரம், அறுப்புக்கூலி அத்தனையையும் நோட்டில் எழுதிவைப்பார். விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லாததால் எந்த அதிகாரியும் அதைக் கேட்டதில்லை. டொரன்டோவில் எனக்குக் கைகொடுப்பது அந்தப் பழக்கம்தான்.

இங்கே முதலில் சம்பளத்துக்கு இருந்தபோது, வாடிக்கையாளர்களைச் சந்திக்கச் சொந்தக் காரில்தான் போக வேண்டியிருந்தது. அந்தச் செலவைச் சம்பளக்காரர் வருமானத்திலிருந்து கழிக்க வேண்டுமானால், வேலையின் நிபந்தனையே அப்படித்தான் என்று முதலாளி டி2200 படிவத்தில் கையெழுத்திட வேண்டும். அது இல்லாமல் கட்டுக்கட்டாக ரசீது இருந்தும் பயனில்லை. வீட்டிலிருந்து அலுவலகம் போய்வரும் செலவோ எப்படியும் கழியாது.

இப்போது சொந்த வேனில் சரக்கு கொண்டு சேர்க்கிறேன். வரவையும் செலவையும் டி2125 படிவத்தில் நானே எழுதுகிறேன். யார் கையெழுத்தும் வேண்டாம், ஆனால் கேள்வி வந்தால் பதில் சொல்லும் பொறுப்பு முழுக்க என்னுடையது. பெட்ரோல், காப்பீடு, பழுதுபார்ப்பு ஆகியவற்றில் தொழிலுக்காக ஓடிய கிலோமீட்டருக்குரிய பங்கை மட்டுமே கழிக்கலாம் என்பதால், தேதி, போன இடம், காரணம், தூரம் நான்கையும் இறங்கும் முன்பே குறித்துவிடுகிறேன். பெட்ரோல் ரசீதின் எழுத்து சில மாதங்களில் வெளுத்துவிடும். ஆறு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டியிருப்பதால் அன்றன்றைக்கே படமெடுத்துவிடுவது நல்லது.

திருத்துறைப்பூண்டியிலிருந்து புதிதாக வந்த தம்பி ஒருவர், "அண்ணே, நூறு டாலருக்குப் பெட்ரோல் போட்டா நூறும் திரும்பி வந்துடுமா?" என்று கேட்டார். வராது. வரிக்குரிய வருமானம்தான் நூறு குறையும். 20% வரி கட்டுபவருக்கு மிச்சமாவது 20 டாலர். அந்தத் தம்பியைக் 'கான்ட்ராக்டர்', அதாவது சுயதொழில் செய்பவர், என்று சொல்லி வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அந்தப் பெயர் மட்டும் எதையும் தீர்மானிப்பதில்லை. வேலையை யார் கட்டுப்படுத்துகிறார், கருவிகள் யாருடையவை, லாப நட்டம் யாரைச் சேரும் என்பதையே வரித்துறை பார்க்கும்.

உண்மையிலேயே சுயதொழில் என்றால், கனடா ஓய்வூதியத் திட்டத்துக்குச் சம்பளக்காரர் 5.95% கட்டும் இடத்தில், முதலாளியின் பங்கும் சேர்த்து 11.9% கட்ட வேண்டும். வேலை போனால் சம்பளக்காரருக்குக் கிடைக்கும் வழக்கமான காப்பீட்டுத் தொகையும் கிடையாது. கணக்குத் தாக்கல் செய்ய ஜூன் 15 வரை அவகாசம் உண்டு என்றாலும், பாக்கி வரிக்கு ஏப்ரல் 30-க்குப் பிறகு வட்டி ஓடும். ஆகவே, செலவைக் கழித்துக்கொள்ளலாம் என்பதற்காகக் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம், இதையெல்லாம் கூட்டிப் பார்த்தே தொகையைக் கேளுங்கள் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.