நமங்கா எல்லையில் கேட்ட 344: நைரோபி தகுதிச் சுற்றுக்குப் போய் வந்த அனுபவம்

2024 அக்டோபர் 23 அன்று இரவு எட்டு மணியளவில், தான்சானியாவுக்கும் கென்யாவுக்கும் இடையிலுள்ள நமங்கா எல்லைச் சாவடியில், கடவுச்சீட்டைக் கையில் பிடித்தபடி வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். கைப்பேசிக்கு இணையத் தொடர்பு கிடைத்ததும் கண்ணில் பட்ட முதல் செய்தி, ஆண்கள் இருபது ஓவர் கிரிக்கெட் உலகக் கோப்பைக்கான ஆப்பிரிக்கத் தகுதிச் சுற்றில், அன்று நைரோபியின் ருவாராகா மைதானத்தில் ஜிம்பாப்வே அணி காம்பியாவுக்கு எதிராக 20 ஓவரில் 4 விக்கெட் இழப்புக்கு 344 ஓட்டங்கள் குவித்துவிட்டது என்பதுதான். சிக்கந்தர் ராசா 33 பந்துகளில் சதம் கடந்து, 43 பந்துகளில் 133 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் நின்றிருக்கிறார். காம்பியா 54 ஓட்டங்களில் சுருண்டு, 290 ஓட்ட வித்தியாசத்தில் தோற்றிருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு மங்கோலியாவுக்கு எதிராக நேபாளம் எடுத்த 314தான் ஆண்கள் பன்னாட்டு இருபது ஓவர் ஆட்டங்களில் ஓர் அணியின் அதிகபட்ச ஓட்டமாக இருந்தது; அந்தச் சாதனை அன்றோடு போயிற்று. அந்த மைதானத்தின் ஓரத்தில் அன்று நான் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு வாரங்களாக அலைந்து திரட்டிய தாள்கள் எல்லாம் கையில் இருந்தும், ஒரே ஒரு நாள் பிந்திப்போனதால் அந்த ஆட்டம் எனக்குக் கிட்டாமல் போயிற்று. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. இந்தச் சுற்றுகளை நேரில் பார்க்க நினைக்கும் வேறு யாருக்கும் இப்படி நேரக்கூடாது என்பதற்காகவே நடந்தவற்றை எழுதுகிறேன்.

நான் வேலை நிமித்தம் தார் எஸ் சலாமில் வசிக்கிறேன். செப்டம்பர் 21 முதல் 26 வரை ஆப்பிரிக்கத் துணை மண்டலத் தகுதிச் சுற்றின் முதல் பிரிவு எங்கள் ஊரிலேயே, பல்கலைக்கழக மைதானத்திலும் ஜிம்கானா மைதானத்திலும் நடந்தது. அதில் தான்சானியாவும் மலாவியும் முன்னேறின. மலாவி வீரர்கள் அந்த வெற்றியைக் கொண்டாடியதைப் பார்த்த பிறகு, அடுத்த பிரிவையும் எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. மூன்று பிரிவுகளிலிருந்தும் தலா இரண்டு அணிகள் 2025ஆம் ஆண்டின் மண்டல இறுதிச் சுற்றுக்குப் போயின. நமீபியாவும் உகாண்டாவும் அங்கே நேரடியாக வந்து சேர, எட்டு அணிகளில் இரண்டுக்கு மட்டுமே 2026 இந்திய-இலங்கை உலகக் கோப்பையில் இடம். உலகக் கோப்பையில் இறங்கும் ஓர் அணியின் பயணம், நூறு பேர்கூடப் பார்க்காத ஒரு கல்லூரி மைதானத்தில் தொடங்குகிறது என்பதை நேரில் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

இரண்டாம் பிரிவு நைரோபியில் அக்டோபர் 19 முதல் 24 வரை என்று அக்டோபர் முதல் வாரத்தில் தெரிந்தது. வேலை காரணமாகக் கடைசி இரண்டு ஆட்ட நாட்களுக்கு மட்டுமே போக முடியும் என்பதால், 22ஆம் தேதி புறப்பட்டு 23, 24 இரு நாளும் பார்ப்பது என்று திட்டமிட்டேன். என்னிடம் இருப்பது இந்தியக் கடவுச்சீட்டு. கென்யாவுக்குள் போக இடிஏ எனப்படும் மின்னணுப் பயண அனுமதி வேண்டும். தான்சானியாவுக்குத் திரும்பி வரும்போது, கென்யா மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடுகளின் பட்டியலில் இருப்பதால் தடுப்பூசிச் சான்று வேண்டும். கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் சேர்த்து 100 டாலருக்கு ஒரு கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா இருக்கிறது. ஆனால் தான்சானியா அதில் சேரவில்லை என்பதால் எனக்கு அதனால் பயனில்லை.

முதல் பிழை என்னுடையது. அக்டோபர் 7 அன்று, தடுப்பூசியைப் பற்றி நினைக்காமல் இடிஏ விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தேன். தமிழர்களாகிய நம்மில் பலருக்குள்ள பெயர்ச் சிக்கல் அங்கேதான் காத்திருந்தது. என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற பகுதி வெறுமையாக இருக்கிறது. என் பெயரும் தந்தையின் பெயரும் சேர்ந்தே இயற்பெயர்ப் பகுதியில் இருக்கின்றன. படிவமோ குடும்பப் பெயரைக் கேட்டது. தந்தையின் பெயரைப் பிரித்து அங்கே எழுதி, 30 டாலர் கட்டணத்தையும் செலுத்தி முடித்தேன். வந்து சேர்ந்த அனுமதியை ஒரு வாரம் கழித்து நிதானமாகப் படித்துப் பார்த்தபோதுதான், அதிலுள்ள பெயரும் கடவுச்சீட்டிலுள்ள பெயரும் இரண்டு வேறு ஆட்களுடையவை போல இருப்பது புரிந்தது. எல்லையில் போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நான் துணியவில்லை. 16ஆம் தேதி புதிதாக விண்ணப்பித்து, மறுபடியும் 30 டாலர் கட்டினேன். கடவுச்சீட்டின் படப் பக்கத்தில் அடியில் இரண்டு வரிகளாக, அம்புக்குறிகளுடன், இயந்திரம் படிப்பதற்காக அச்சிட்டிருப்பார்கள். பெயர் அந்த வரியில் எப்படி இருக்கிறதோ அப்படியே படிவத்தில் எழுதுங்கள். நம் வழக்கப்படி எது தந்தை பெயர், எது நம் பெயர் என்று பிரிக்க வேண்டாம். பயணத்துக்கு மூன்று நாள் முன்பாவது விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். மூன்று வாரம் முன்பே செய்துவிடுவது நல்லது என்பது என் கருத்து.

தடுப்பூசி இதைவிடப் பெரிய அலைச்சல். 8ஆம் தேதி செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஒரு மையத்துக்குப் போனேன். ஊசி வெள்ளிக்கிழமை மட்டும்தான் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரே குப்பியில் பலருக்கான மருந்து இருப்பதாலும், குப்பியைத் திறந்து கரைத்த பின் சில மணி நேரத்துக்குள் அதைத் தீர்த்துவிட வேண்டும் என்பதாலும், ஆட்களைச் சேர்த்து ஒரே நாளில் போடுகிறார்கள். காரணம் நியாயமானதே. ஆனால் அதை வாசலில் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தால் எனக்கு அரைநாள் மிச்சமாகியிருக்கும். வெளியே நின்ற ஒருவர், ஊசியே இல்லாமல் முத்திரை வைத்த அட்டை வாங்கித் தருவதாகச் சொன்னார். தயவுசெய்து அந்த வழிக்குப் போகாதீர்கள். அது சட்டக் குற்றம் என்பது மட்டுமல்ல, மருந்தில்லாத காய்ச்சலிலிருந்து உங்களை முக்கியமாகக் காப்பது அந்த ஊசிதான்.

11ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஊசி போட்டுக்கொண்டேன். சான்று பத்து நாள் கழித்தே செல்லுபடியாகும் என்பதால் 21ஆம் தேதி கணக்கு சரியாக வந்தது. வீட்டுக்கு வந்து அட்டையைப் பிரித்துப் பார்த்தால், என் பெயரை விட்டுவிட்டுத் தந்தையின் பெயரை மட்டும் எழுதியிருந்தார்கள். கடவுச்சீட்டு எண்ணிலும் ஓர் இலக்கம் மாறியிருந்தது. திங்கட்கிழமை காலை ஓடினேன். அன்று அக்டோபர் 14, நியரேரே நினைவு நாள், நாடு முழுவதும் விடுமுறை. இந்த ஊரில் இருந்துகொண்டு அதை மறந்துபோனது என் தவறு. செவ்வாய்க்கிழமை போனபோது மேசையில் இருந்த எழுத்தர் அட்டையைக் கையில் வாங்கவே இல்லை. கையெழுத்திட்டவர்தான் திருத்த வேண்டும், அவர் வெள்ளிக்கிழமைதான் வருவார், பெயரைச் சரிபார்க்காமல் நீங்கள் ஏன் வாங்கிக்கொண்டு போனீர்கள் என்று, பின்னால் நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். எழுதியவர்கள் அவர்கள், ஏச்சு வாங்கியவன் நான். எதிர்த்துப் பேசினால் வெள்ளிக்கிழமையும் போய்விடும் என்ற பயத்தில் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினேன். 18ஆம் தேதி, கையெழுத்திட்ட மருத்துவ அலுவலர் இரண்டே நிமிடத்தில், ஒரு வார்த்தை கடிந்து பேசாமல், பழைய தேதியையும் மருந்துத் தொகுதி எண்ணையும் பார்த்துப் புதிய அட்டை எழுதிக் கொடுத்தார். மேசையை விட்டு நகர்வதற்கு முன் ஒவ்வோர் எழுத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 2016 முதல் இந்தச் சான்று வாழ்நாள் முழுவதற்கும் செல்லும் என்பதால், ஒருமுறை சரியாக வாங்கிவிட்டால் கவலை தீர்ந்தது.

தாள்கள் எல்லாம் சரியாகிவிட்ட பிறகுதான் பேருந்து தவறியது. சீட்டில் புறப்படும் நேரம் 12 என்றும், பக்கத்தில் காலை என்பதற்கான சுவாஹிலிச் சொல்லும் எழுதியிருந்தது. வந்து ஆறு மாதமே ஆன நான் அதை நண்பகல் என்று எடுத்துக்கொண்டு, 22ஆம் தேதி பதினொரு மணிக்கு ம்பேசியிலுள்ள மகுஃபுலி பேருந்து நிலையத்துக்குப் போனால், என் வண்டி காலை ஆறு மணிக்கே புறப்பட்டுப் போயிருந்தது. சுவாஹிலியில் மணி சூரிய உதயத்திலிருந்து எண்ணப்படுகிறது. நம் காலை ஏழு அவர்களுக்கு ஒன்று. நம் காலை ஆறு அவர்களுக்குப் பன்னிரண்டு. நாழிகைக் கணக்கில் நம் முன்னோரும் உதயத்திலிருந்தே எண்ணினார்கள் என்பது திரும்பி வரும் வழியில்தான் நினைவுக்கு வந்தது. சீட்டுப் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். மறுநாள் வண்டிக்கு மறுபடியும் முழுப் பணம் கொடுத்தேன். கிழக்கு ஆப்பிரிக்காவில் சீட்டு வாங்குவோர், உங்கள் கைக்கடிகாரத்தை முகவரிடம் காட்டி, முள் எங்கே இருக்கும்போது வண்டி புறப்படும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அருஷா வழியாக நமங்கா வரையிலான நீண்ட பயணத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லையில் இரு நாட்டு அலுவலர்களும் ஒரே கட்டடத்தில் இருப்பதால் வெளியேற்ற முத்திரையும் நுழைவு முத்திரையும் அடுத்தடுத்துக் கிடைத்துவிட்டன. சாப்பாட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு போகாதீர்கள். இரு நாடுகளிலும் அதற்குத் தடை உண்டு.

24ஆம் தேதி காலை, கண் எரிச்சலோடு முதலில் நைரோபி ஜிம்கானாவுக்குப் போனேன். போட்டிகள் நடந்த இரண்டு மைதானங்களில் அது ஒன்று. இரண்டுமே சங்கங்களுக்குரிய மைதானங்கள் என்பதால், வாயிலில் அடையாளச் சான்றைக் காட்டிப் பதிவேட்டில் எழுத வேண்டியிருந்தது. 1996இல் பாகிஸ்தானின் ஷாகித் அஃப்ரிடி இலங்கைக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தில் 37 பந்துகளில் சதம் அடித்தது இந்தத் தரையில்தான். 2003 பிப்ரவரி 24 அன்று, 50 ஓவர் உலகக் கோப்பையில், காலின்ஸ் ஒபுயா 24 ஓட்டங்களுக்கு 5 விக்கெட் வீழ்த்த, கென்யா இலங்கையை வென்று அரையிறுதிக்கு வழி திறந்துகொண்டதும் இங்கேதான். பக்கத்தில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் அந்த ஆட்டத்தை நேரில் பார்த்தவர். அன்று உள்ளே நிற்க இடமில்லை என்று சொல்லிவிட்டு, எங்களைச் சுற்றியிருந்த காலி இருக்கைகளைக் கையால் காட்டினார். அரையிறுதி வரை போன ஒரு நாடு, இருபத்தோர் ஆண்டுகள் கழித்து, துணை மண்டலச் சுற்றில் ஏணியின் முதல் படியில் நிற்பதைப் பார்க்க மனம் கனத்தது. கென்யா இந்தச் சுற்றில் தேறி, ஜிம்பாப்வேயுடன் மண்டல இறுதிக்குப் போனது.

காம்பியா வீரர்களையும் அன்று பார்த்தேன். முந்தைய நாள் உலகமெங்கும் பேசப்பட்ட தோல்விக்குப் பிறகு, மைதானத்தின் ஓரமாக வட்டமாக நின்று, பந்தைப் பிடித்து எறிந்து பழகிக்கொண்டிருந்தார்கள். அவர்களின் பந்து வீச்சாளர் ஒருவர் 4 ஓவர்களில் 93 ஓட்டங்கள் கொடுத்ததைக் கேலி செய்து வந்த செய்திகளைப் படித்து எனக்குக் கோபமே வந்தது. நான்கு ஓவரையும் வீசி முடித்தார் அல்லவா! அதற்கு ஒரு மாதம் கழித்து, நவம்பர் 24 அன்று, நைஜீரியாவில் நடந்த மூன்றாம் பிரிவில், தன் முதல் தொடரில் ஆடிய ஐவரி கோஸ்ட் நைஜீரியாவிடம் 7 ஓட்டங்களில் ஆட்டமிழந்தபோதும் அதே கேலிதான். 2023இல் நமீபியாவின் விண்ட்ஹுக்கில் உகாண்டா ஜிம்பாப்வேயை வீழ்த்தி உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றதும், 2024இல் அந்த உலகக் கோப்பையில் பப்புவா நியூ கினியாவுக்கு எதிராக 43 வயது ஃபிராங்க் ந்சுபுகா 4 ஓவர்களில் 4 ஓட்டங்கள் மட்டும் கொடுத்து 2 விக்கெட் எடுத்ததும் இப்படிப்பட்ட மைதானங்களில் தோற்றுத் தோற்றுப் பழகியதன் பலன் என்பதைக் கேலி செய்பவர்கள் அறிய வேண்டும்.

25ஆம் தேதி திரும்பும்போது, தான்சானியப் பகுதியின் சுகாதார மேசையில் மஞ்சள் அட்டையைக் கேட்டார்கள். அலுவலர் கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்து, எண்ணை இலக்கம் இலக்கமாக விரலால் தொட்டுப் பார்த்தார். அந்த மாறிப்போன இலக்கத்தின் மேல் அவர் விரல் நின்று நகர்ந்தபோது, மூன்று முறை அலைந்த களைப்பெல்லாம் இறங்கியது. எனக்குப் பின்னால் நின்ற இருவர் அட்டை இல்லாமல் தனியே அழைத்துச் செல்லப்பட்டார்கள். எங்கள் வண்டி அவர்களுக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருந்தது.

அந்த அட்டையை இப்போது கடவுச்சீட்டு உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். அடுத்து நான் பார்க்கப் போகும் சுற்று எந்த நாட்டில் என்று தெரிந்த அன்றே, அந்த நாட்டின் நுழைவுப் படிவத்தைத் திறந்து, குடும்பப் பெயர் இல்லாதவர்கள் அந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்பதைத்தான் முதலில் பார்க்கப் போகிறேன்.