ஒரே ஒரு எக்ஸ்ஜே13

ஜாகுவாரில் எனக்கு மிகவும் பிடித்த கார் எதுவென்று கேட்டால், எல்லோரும் சொல்லும் இ-டைப்பைச் சொல்ல மாட்டேன், எக்ஸ்ஜே13 என்றுதான் சொல்வேன். மொத்தம் செய்ததே ஒன்றுதான்.

1950களில் பிரான்சின் லெ மான் 24 மணி நேரக் கார் பந்தயத்தை ஐந்து முறை வென்ற கம்பெனி, மறுபடி அங்கே போக 1966ல் கட்டிய வண்டி இது. ஓட்டுநருக்குப் பின்னால் 5 லிட்டர் வி12 (பன்னிரண்டு சிலிண்டர்) இன்ஜின், சுமார் 500 குதிரைத்திறன். உடலை வரைந்தவர் மால்கம் சேயர். விமானக் கம்பெனியிலிருந்து வந்தவர், வளைவுகளைக் கணக்குப் போட்டே வரைவார். பக்கவாட்டில் நின்று பாருங்கள், முன்சக்கரத்தின் மேல் எழும் அந்த வளைவு கதவருகே தணிந்து பின்சக்கரத்தின் மேல் மறுபடி எழும்பும், எங்கேயும் உடையாது.

ஆனால் வேலை இழுத்துக்கொண்டே போனது. 1968ல் இந்த வகைக் கார்களுக்கு 3 லிட்டர் இன்ஜின்தான் உச்சம் என்று விதி வந்துவிட்டது, அதோடு கதை முடிந்தது. ஒரு பந்தயத்தில்கூட ஓடவில்லை.

அப்புறம் 1971ல் இ-டைப்பின் புது வி12 விளம்பரப் படத்துக்காக இதை வெளியே எடுத்தார்கள். ஜாகுவாரின் சோதனை ஓட்டுநர் நார்மன் டீவிஸ் ஓட்டினார். இங்கிலாந்தின் மைரா என்ற கார் சோதனைத் தடத்தில் அதிவேகத்தில் போகும்போது பின்சக்கரம் கைவிட, கார் உருண்டு சிதைந்தது. டீவிஸ் இன்ஜினை அணைத்துவிட்டு உள்ளே குனிந்துகொண்டாராம், பெரிய காயமில்லை. சில ஆண்டுகளில் அதை மறுபடி கட்டினார்கள். இப்போது இங்கிலாந்தின் கேடன் ஊரிலுள்ள கார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.