துணி எடுக்க நம்பர் எதுக்கும்மா?

பர்கூரில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறேன். துணியை ஸ்கேன் பண்ணும் முன்பே "போன் நம்பர் சொல்லுங்க" என்று வாய் தானாகக் கேட்டுவிடும். நம்பர் போடாமல் பில் வராது. அதற்குக் கீழே "விசேஷம்" என்று இன்னொரு கட்டம்: கல்யாணம், வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, மற்றவை.

போன ஆடித் தள்ளுபடியில் ஒரு பெரியவர் பட்டுப்புடவையோடு வந்தார். ஆவணியில் பேத்திக்கு மஞ்சள் நீராட்டாம். நம்பர் கேட்டேன்.

"அதான் காசு குடுக்கறனே, நம்பரு எதுக்கும்மா?"

"ஆஃபர் போட்டா மெசேஜ் வரும் தாத்தா."

"எனக்கு வேணாம் கண்ணு."

பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. என் நம்பரையே போட்டு அனுப்பிவிட்டேன்.

ஒரு வாரத்தில் என் போனுக்கு மெசேஜ். மஞ்சள் நீராட்டுக்குச் சீர்வரிசைத் தட்டு வாடகைக்குக் கிடைக்குமாம். அந்தக் கடைப் பக்கம் நான் போனதே இல்லை. ஒரு பிள்ளை வயசுக்கு வந்த சேதி, பத்திரிகை அடிக்கும் முன்பே எங்கெங்கோ கைமாறியிருக்கிறது. அதைத் தட்டிப் போட்டது என் விரல்.

பில்லுக்காக நம்பரை வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதமே கடைகளுக்குச் சொல்லிவிட்டது. எங்கள் கவுன்ட்டருக்கு அது வந்து சேரவில்லை.

என்னைத் தூங்கவிடாதது வேறு. ஒருவர் போன இடங்களின் விவரத்தை செல்போன் கம்பெனியிடம் வாங்க போலீஸுக்கு வாரண்ட் வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018-இல் கார்ப்பென்டர் வழக்கில் சொன்னது. 2021-இல் அந்நாட்டு ராணுவ உளவு அமைப்பு செனட்டர் ரான் வைடனுக்கு எழுதிய பதிலைப் படித்தேன்: அதே மாதிரி விவரத்தை, ஜனங்களின் தகவலை விற்கும் தரகர்களிடம் காசுக்கு வாங்குகிறோம், அதற்கு வாரண்ட் தேவையில்லை. வீடு புகுந்து தேடத்தான் உத்தரவு வேண்டும், சந்தையில் வாங்கினால் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

இங்கே 2017-இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று சொல்லி அரசு தன் அமைப்புகளுக்கு விலக்குத் தர 17-ஆம் பிரிவில் இடம் வைத்திருக்கிறது. கம்பெனிகளிடம் தகவல் கேட்டு வாங்க 36-ஆம் பிரிவு. அந்தப் பெரியவர் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

முதலாளியிடம் சொன்னேன். "சாஃப்ட்வேரே அப்படித்தாம்மா" என்றார். விசேஷக் கட்டத்தில் இப்போது எல்லோருக்கும் "மற்றவை" என்றே போடுகிறேன்.